சோலியும் ஜோலியும்

என் சித்தி மகள் மாலத்தீவில் இங்கிலீஷ் டீச்சராக இருக்கிறாள். 2014-இல் போனாள். இதை விருதுநகரிலோ சிவகாசியிலோ சொன்னால் கேட்பவர்களின் முகம் முதலில் மலரும். அடுத்த நொடி கேள்வி வரும். மாசம் எவ்வளவு மிச்சமாகிறது? பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? சாப்பாடு எப்படி, எல்லாம் மீனாமே? கடைசியில், 'பாவம், எல்லாம் குடும்பத்துக்காகத்தானே' என்று அவர்களே முடித்துவைப்பார்கள். 'அவள் அங்கே சந்தோஷமாக இருக்கிறாள்' என்று நான் சொன்னால் அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோகும். ஏதோ சொல்லக்கூடாத சேதியைச் சொல்லிவிட்ட மாதிரி.

வெளிநாடு போன பெண் கஷ்டப்பட வேண்டும். அதுதான் எங்கள் ஊருக்கும் அவளுக்கும் இடையிலான எழுதாத ஒப்பந்தம். கஷ்டப்பட்டுப் பணம் அனுப்பினால் அவளை மன்னித்துவிடலாம்.

எங்கள் ஊருக்கு வெளியூர்ப் பயணம் புதிதில்லை. சிவகாசியின் கதையே பயணத்தில்தான் தொடங்குகிறது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று ஊரே எழுந்தது. இரண்டு ஆண்கள் ரயில் ஏறிய கதையைப் பள்ளி ஆண்டுவிழாக்களில்கூடக் கேட்டிருக்கிறேன். அவர்கள் அங்கே என்ன சாப்பிட்டார்கள், வீட்டில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒருவரும் கேட்டு நான் அறியவில்லை.

நான் தமிழ் படித்தவள். சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம். வகுப்பில் அகத்திணையியல் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஓரிடத்தில் நிற்பேன். கடல் தாண்டிப் போகும் பயணம் பெண்ணோடு சேர்ந்து நடப்பதில்லை என்று தொல்காப்பியர் விதி சொல்கிற இடம் அது. படிப்புக்காக, தூதுக்காக, பொருளுக்காகப் பிரிந்துபோகிறவன் ஆண். வாசலில் நின்று நாள் எண்ணுகிறவள் பெண். சுவரில் கோடு போட்டுப் போட்டு விரல் தேய்ந்தவர்கள் எல்லாம் நம் தலைவிகள்தாம். என் சித்தி மகள் போன பிறகு அந்த நூற்பாவை நடத்தும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அவள் பொருள்வயின் பிரிந்த தலைவி. சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டு காத்திருந்தவர் தலைவன். அவருடைய காத்திருப்பைப் பாட நம்மிடம் ஒரு துறைகூட இல்லை. டீக்கடையில் நாலு பேர் 'பொண்டாட்டி சம்பாத்தியம்' என்று சொல்வது மட்டும் உண்டு.

சித்தியைப் பற்றிச் சொல்லாமல் இவளைப் பற்றிச் சொல்ல முடியாது. சித்தி ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ். விடியுமுன் வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் பெட்டி ஒட்டினாள். கூலி குரோஸ் கணக்கில்; ஒரு குரோஸ் 144 பெட்டி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது பசை காய்ந்த விரல்களோடு போய்க் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள். 1996 டிசம்பரில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு ஆபீஸ்களில் பிள்ளைகளைப் பார்ப்பது குறைந்துகொண்டே வந்தது. வேலை மட்டும் கட்டுக்கட்டாக வீடுகளுக்குள் வந்தது. அப்போது என் தங்கைக்குப் பத்து வயது. பள்ளி விட்டு வந்து, விளக்கு வைத்த பிறகும் பெட்டி ஒட்டிவிட்டுத்தான் பாடம் படிப்பாள்.

தமிழ் வழியில் அரசுப் பள்ளி. பிறகு பி.ஏ. ஆங்கிலம், எம்.ஏ., பி.எட். அவள் ஆங்கிலம் எடுத்தபோது, 'தமிழ் எடுத்தால் என்னை மாதிரி ஆகலாம்' என்று நான் சொன்னேன். 'தமிழ் எடுத்தா ஒன்னை மாதிரி இங்கயே இருக்கணும்க்கா' என்றாள். பதினெட்டு வயதில் சொன்னது. வாய்த் துடுக்கு என்று எடுத்துக்கொண்டேன். இன்று யோசித்தால், அவள் அப்போதே வழியைப் பார்த்து வைத்திருந்திருக்கிறாள்.

கல்யாணம், குழந்தை, ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் வேலை. மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு. அந்தப் பள்ளியில்தான் 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி ஆசிரியர் தினம் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். முதலிப்பட்டிப் பக்கம் புகை எழுந்தது. அந்த விபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். உதவி செய்யவும் என்னவென்று பார்க்கவும் ஓடியவர்களும் அதில் பலர். பிள்ளைகள் கொடுத்த ரோஜாப்பூவைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பிள்ளையின் வீட்டார் எந்தப் பயராபீஸ் என்று மனசுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொல்வாள். வெளியே போக வேண்டும் என்பதற்கு அதை ஒரு காரணமாக அவள் ஒருபோதும் சொன்னதில்லை. நான்தான் முடிச்சுப் போட்டுப் பார்க்கிறேன்.

அவள் சொன்ன காரணம் கடன். தீபாவளிச் சீசனுக்குப் பட்டாசு ஏஜென்சி எடுத்து அவள் கணவர் ஏமாந்த கடன். வட்டி ஏறிக்கொண்டே போனது. கடன் என்றதும் எல்லாக் கதவும் திறந்தது. ஆறு வயது மகளை விட்டுவிட்டுப் போக மாமியார் சம்மதித்தார், மச்சினர் விமான நிலையம் வரை வந்தார், சித்தி வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். ஓர் ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் வாங்கினார். அரசிடம் பதிவு செய்த முகவர்கள் முப்பதாயிரம் ரூபாயும் வரியும் தவிர வாங்கக்கூடாது என்று விதி இருப்பது எங்களுக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. போகிற பெண்கள் இதை ஒரு தாளில் எழுதிப் பர்சில் வைத்துக்கொள்ளலாம்.

ஏன் மாலத்தீவு? அதற்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. 1960களில் மாலே நகரப் பள்ளிகள் ஆங்கில வழிக்கு மாறியபோது ஆசிரியர்கள் முதலில் இலங்கையிலிருந்து போனார்கள். பிறகு கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும். சுமார் 1,200 தீவுகளில் இருநூறுக்கும் குறைவானவற்றில்தான் மக்கள் வாழ்கிறார்கள். எங்கோ கடல் நடுவில் சில நூறு பேர் இருக்கிற தீவிலும் பள்ளி இருக்கும், அங்கே ஆங்கிலமும் கணக்கும் நடத்த ஆள் வேண்டும். ஆசியாவின் மற்ற இடங்களில் எங்கள் பெண்களின் ஆங்கிலம் அவ்வளவு எளிதில் செல்லுபடியாகாது. தென்கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக் கடவுச்சீட்டுக்குத்தான். அந்த நாடுகளின் இளைஞர்கள் ஒரு பட்டமும் முதுகுப் பையுமாகச் சியோலுக்கும் பாங்காக்குக்கும் வந்து ஆங்கிலம் நடத்துகிறார்கள், வார இறுதியில் மலையேறுகிறார்கள், அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதுகிறார்கள். அவர்களுடைய புத்தகங்களைப் படித்திருக்கிறேன். யாரும் அவர்களிடம் தியாகத்தை எதிர்பார்ப்பதில்லை. 'ஆசியாவில் வாழ்க்கையை அனுபவிக்கிறேன்' என்று எழுதினால் அது சாகசம். ஆசியாவிலேயே பிறந்த என் தங்கை அதையே எழுதினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது.

2017-இல் ஒரு வெள்ளிக்கிழமை. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. இடுப்பளவு தண்ணீரில், சுடிதாரோடு, முடி ஈரமாக, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தாள். பக்கத்தில் இரண்டு மலையாள டீச்சர்கள். அன்றிரவு மச்சினரிடமிருந்து போன். 'டீச்சர் வேலைக்குப் போனியா, குளிக்கப் போனியா?' ஒன்பது மணிக்குள் சித்திக்கு, பத்து மணிக்கு எனக்கு. சித்தி அழுதாள். 'கடன அடைக்கப் போன பிள்ள இப்படியா சிரிக்கும்?' என்றாள். படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. துப்பட்டாகூட முடிச்சுப் போட்டு இருந்தது. சிரிப்புதான் குற்றம். அதற்கு முந்தின வாரம்தான் மச்சினர் நண்பர்களோடு குற்றாலத்தில் வெற்றுடம்போடு நின்ற படம் வந்திருந்தது. நாங்கள் எல்லோரும் விரலை உயர்த்தி லைக் போட்டிருந்தோம்.

அவள் படத்தை எடுக்கவில்லை. இருபத்து நாலு மணி நேரம் கழித்து அது தானாக மறையட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த இருபத்து நாலு மணி நேரத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

அடுத்த ஆண்டு, 2018 மே மாதத் தொடக்கத்தில், நான் போனேன். பிப்ரவரியில் அங்கே நெருக்கடி நிலை அறிவித்து மார்ச்சில்தான் விலக்கியிருந்தார்கள், வீட்டில் பயந்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து விமானம். ஏறி அமர்ந்து தேநீர் குடித்து முடிப்பதற்குள் கீழே நீலத்தில் பச்சை வட்டங்கள். ராஜராஜன் மெய்க்கீர்த்தி பழந்தீவு பன்னீராயிரம் என்று வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொள்வது இந்தத் தீவுகளைத்தான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். கப்பற்படையோடு போனவன் பெயர் கல்லில் இருக்கிறது. விமான நிலையத் தீவிலிருந்து மாலேக்கு அப்போது படகில்தான் போக வேண்டும். பாலம் அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் திறந்தது. படகை அவர்கள் தோனி என்றார்கள். எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

அவள் இருந்தது வடக்கே ஒரு சின்னத் தீவு. நாற்பது நிமிடத்தில் சுற்றி நடந்துவிடலாம். வெள்ளை மணல் தெரு, பவளக்கல் சுவர்கள், வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி. 2004 சுனாமிக்குப் பிறகு பல தீவுகளில் கிணற்றுநீர் உப்பாகிவிட்டது. எங்கள் மாவட்டமும் வானம் பார்த்த பூமிதான். குடத்துக்காகச் சண்டை போட்டு வளர்ந்தவள் அங்கே மழைநீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்து, 'குடிச்சுப் பாருக்கா, மேகத்த நேராக் குடிக்கிற மாதிரி இருக்கும்' என்றாள். நான் கவிதை எழுதுகிறவள். அந்த வரி எனக்கு வரவில்லை.

அறையில் ஒரு சிவகாசி தினசரிக் காலண்டர் தொங்கியது. மேலே படம் இல்லை, வெறும் அட்டை. மற்ற மதங்களின் வழிபாட்டுப் பொருட்களை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. அதனால் ஊரிலேயே முருகனைக் கத்தரித்து வைத்துவிட்டுத் தாள் கட்டை மட்டும் எடுத்துப் போயிருக்கிறாள். நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் அதில் இருந்தது. 'சாமி ஊர்ல இருக்கட்டும், நேரம் மட்டும் என்கூட இருக்கட்டும்னு விட்டுட்டேன்' என்றாள். கத்தரித்த முருகனைச் சித்தி பூஜை அறையில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

வகுப்பின் கடைசிப் பெஞ்சில் ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்களுடைய திவேஹி மொழியின் தானா எழுத்து வலமிருந்து இடம் போகும். ஆங்கில நோட்டைச் சிலர் பின்பக்கத்திலிருந்து திறந்தார்கள். அந்த எழுத்துகளில் முதல் ஒன்பது அரபு எண்களிலிருந்து வந்தவை. ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்ணே எழுத்தாகிவிட்டது. இது தெரிந்ததும் எனக்கு வகுப்பே மறந்துபோனது. அவளுக்கு வேறு கவலை. எங்கள் நாக்கு ஃபிஷ்ஷைப் பிஷ் என்று சொல்லும். அவர்கள் மொழியிலோ பழைய பகரமே ஃபகரமாகிவிட்டது. முதல் வாரமே ஒரு பொடியன் எழுந்து, 'மிஸ், பிஷ் இல்ல, ஃபிஷ்' என்று திருத்தினானாம். ராத்திரி உட்கார்ந்து உதட்டைக் கடித்து ஃப, ஃப என்று பழகியிருக்கிறாள்.

நான் இருந்த அன்று அவர்கள் கேட்ட கேள்வி வேறு. மிஸ்ஸுடைய அக்கா வந்திருக்கிறாள் என்று ஊரைப் பற்றி விசாரித்தார்கள். 'மிஸ், உங்க ஊர்ல கடல் இருக்கா?' இல்லை என்றாள். 'அப்ப சின்ன வயசுல எங்க விளையாடுவீங்க?' அவள் கரும்பலகையில் ஏதோ எழுதப் போய்விட்டாள். ராத்திரி என்னிடம் சொன்னாள்: 'வெளையாண்டேனான்னே ஞாபகம் இல்லக்கா. பசை வாடைதான் ஞாபகம் இருக்கு.'

இரவு பத்து மணிக்கு நடக்கப் போவோம். டார்ச் இல்லாமல், துணைக்கு ஆண் இல்லாமல், யாரும் 'எங்க இந்நேரம்?' என்று கேட்காமல். நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த நான், அரசு அங்கீகாரம் பெற்ற முனைவர், அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. விருதுநகரில் இரவு ரயிலுக்குப் போவதென்றாலே யாராவது கூட வருவார்கள். துறைமுக ஓரத்தில் இரும்புச் சட்டங்களில் கயிறு பின்னிய இருக்கைகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்குப் பெயர் ஜோலி. உட்கார்ந்தால் உடம்பு தொட்டிலில் போட்ட மாதிரி உள்ளே இறங்கிவிடும். எழுந்திருக்க மனம் வராது. தீவுப் பெண்கள் சாயங்காலமானால் அதில் உட்கார்ந்துவிடுவார்கள். பேசுவார்கள், பேசாமலும் இருப்பார்கள். எங்கள் ஊரில் சோலி என்றால் வேலை. 'சோலியப் பாரு', 'சோலி முடிஞ்சுது', 'பொம்பளைக்கு ஆயிரம் சோலி'. அங்கே ஜோலி என்றால் வேலை இல்லாமல் உட்காரும் இடம். இரண்டு சொல்லுக்கும் உறவு கிடையாது என்று எனக்குத் தெரியும். நான் படித்த மொழியியல் அந்த அளவுக்கு இருக்கிறது. ஆனாலும் சித்தியிடம் சொல்வதற்காக அதை எடுத்துக்கொண்டு வந்தேன். சித்தி கேட்டுவிட்டு, 'சும்மா உக்காந்தா முதுகு வலிக்காதா?' என்றாள்.

சொர்க்கம் என்று எழுதிவிட மாட்டேன். சுற்றுலா விளம்பரக்காரர்கள் அந்த வேலையைச் செய்கிறார்கள். 2013-இல் அதே நாட்டில், வன்முறைக்கு ஆளான பதினைந்து வயதுச் சிறுமிக்கு நூறு கசையடி என்று தீர்ப்பானது. உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்து உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மூட்டை தூக்குகிற, மீன் வெட்டுகிற, தெரு கூட்டுகிற வங்காளதேசத்து இளைஞர்களை அங்கே யாரும் 'சார்' என்று கூப்பிடுவதில்லை. டீச்சர் என்பதால் என் தங்கைக்குக் கிடைக்கிற வணக்கம் அதே படகில் வந்த அவர்களுக்குக் கிடையாது. அவளுக்கும் தனிமை உண்டு. மகளுக்குக் காய்ச்சல் என்று சேதி வந்த இரவுகளில், படகு இல்லாத கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஆனால் அங்கே அவள் பார்த்த ஒன்று அவளுக்குள் வேலை செய்தது. உலகிலேயே மணவிலக்கு மிக அதிகமாக நடக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. அவள் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களில் இரண்டாம் கல்யாணம், மூன்றாம் கல்யாணம் செய்தவர்கள் சர்வ சாதாரணம். பெற்றோர் கூட்டத்துக்குப் பழைய கணவரும் புதுக் கணவரும் வந்து பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் வருஷம் அவளுக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது. இரண்டாம் வருஷம் ஆச்சரியமாக. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லையாம். 'யாரும் யாருக்காகவும் சாகலக்கா. அம்புட்டுத்தான்' என்றாள். அவள் கணவரை விடவில்லை. விடுவதற்கு அவர் அவ்வளவு மோசமானவரும் இல்லை. ஆனால் விடமுடியும் என்று தெரிந்தபிறகு சேர்ந்திருப்பது வேறு மாதிரி இருக்கிறது என்றாள்.

அங்கேதான் நீச்சலும் கற்றுக்கொண்டாள். எங்கள் கரிசல் காட்டில் பையன்கள் கமலைக் கிணற்றில் குதித்துப் பழகுவார்கள். பெண்பிள்ளைகள் கிணற்றை எட்டிப் பார்த்தாலே அடி விழும். பெண் கிணற்றில் இறங்குவது என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்குத் தடை விதித்தது, தீபாவளிக்கு வெடிக்க இரண்டு மணி நேரம் என்றது. பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அச்சகங்களுக்கு லேபிள் வேலை குறைந்தது. அந்த ஒரு வருஷம் மூன்று வீடுகள் அவள் ருஃபியாவில் சாப்பிட்டன, எங்கள் மச்சினர் வீடு உட்பட. குளிக்கப் போனியா என்று கேட்டவர் அந்த வருஷம் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு கொரோனா. 2020 ஜூனில் இந்தியக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் மாலேயிலிருந்து எழுநூறு பேரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தது. அதில் அவளும் வந்தாள். படித்த காலத்திலிருந்து நான் நடத்திவரும் நூற்பாவுக்கு எதிராக, முந்நீர் வழியே ஒரு பெண் வீடு திரும்பினாள். கையில் இரண்டு பெட்டி, ஒரு கிலோ மாசிக் கருவாடு. பன்னிரண்டு வயதாகியிருந்த மகள் வாசல்வரை வந்து நின்றாள். கட்டிக்கொள்ளவில்லை. 'வாங்க' என்றாள். அம்மாவை நீங்க வாங்க போட்டுப் பேசும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

கடன் 2019-லேயே முடிந்திருந்தது. மாடி வைத்த வீடும் கட்டியாகிவிட்டது. பத்திரம் கணவர் பேரில். வீட்டு முகப்பில் மாமனார் பெயரில் 'இல்லம்' என்று கிரானைட் பலகை. இனி எதற்குப் போக வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி மாதிரிதான் இருந்தது. உள்ளூரில் தனியார் பள்ளிகள் அப்போது பாதிச் சம்பளமும் தரவில்லை. அவள் ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தாள். இட்லி மாவு ஆட்டினாள், மகளுக்கு ஆன்லைன் வகுப்புக்குப் போன் பிடித்தாள். பழைய பள்ளியிலிருந்து மறுபடி அழைப்பு வந்தபோது குடும்பம் கூடி உட்கார்ந்தது. கணவர்தான் பேசினார். 'இப்ப என்ன தேவை இருக்கு?' அவள் பதில் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. 'எனக்குப் பிடிச்சிருக்கு.'

கடனுக்காகப் போகிறேன் என்றபோது கழற்றிக் கொடுத்த வளையல்கள் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் முன் பின்வாங்கின. மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சித்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பிடிச்சிருக்கு என்பதற்காக ஒரு பெண் வீட்டைவிட்டுப் போகலாம் என்று எங்கள் வம்சத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் அவள் பக்கம் பேசினேன். மகள் என் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்றேன். என் பேச்சுக்கு அங்கே மரியாதை உண்டு, பேராசிரியர் என்பதால். எனக்கு அவள்மேல் பொறாமையும் உண்டு என்பதை யாரிடமும் சொல்லவில்லை. என் தமிழ் எனக்குச் சம்பளம், வீடு, இரண்டு கவிதைத் தொகுப்பு எல்லாம் தந்திருக்கிறது. இரவு பத்து மணித் தெருவைத் தரவில்லை.

2022-இன் தொடக்கத்தில் போனாள். இந்த முறை கடன் இல்லாததால் அனுப்புகிற பணத்துக்கு ஒரு கணக்கு வைத்தாள். சாத்தூர்ச் சாலையில் ஐந்து சென்ட் இடம், பத்திரம் அவள் பேரில். 2024 ஜனவரியில் இந்தியாவுக்கும் மாலத்தீவுக்கும் சண்டை என்று தொலைக்காட்சிகள் இரைந்தபோது எல்லோரும் திரும்பி வரச் சொன்னார்கள். 'இங்க பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கா' என்றாள். அவளை இப்போது வருத்துவது வேறு. டாலர் தட்டுப்பாட்டால் வெளிநாட்டவர் வங்கி வழியே மாதம் அனுப்பக்கூடிய தொகைக்கு வரம்பு வைத்து, அதைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். சம்பளம் அங்கேயே ருஃபியாவாகத் தேங்கி நிற்கிறது. வருங்கால வைப்பு நிதி இல்லை, ஓய்வூதியம் இல்லை, வயது நாற்பதை எட்டப்போகிறது. ஒவ்வோர் ஒப்பந்தமும் முடியும்போது அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டும். வருகிற ஆண்டுகளை எப்படிச் சமாளிப்பது என்று என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மகிழ்ச்சியாக இருக்கிற பெண்ணுக்கும் முதுமை வரும், அதற்குப் பணம் வேண்டும்.

மகள் நான்கு வருஷம் என்னோடு இருந்தாள். இப்போது மதுரையில் கல்லூரி. அவள் அம்மாவைப் பற்றி நான் எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, 'எழுதுங்க பெரியம்மா. ஆனா அம்மா சந்தோஷமா இருந்தாங்கன்னு மட்டும் எழுதாதீங்க. நான் ஆறாங்கிளாஸ்ல வயசுக்கு வந்தப்ப அம்மா வீடியோகால்ல இருந்தாங்க. அதையும் எழுதுங்க' என்றாள். எழுதியிருக்கிறேன். ஊரடங்குக்கு இரண்டு மாதம் முன்பு அது. சடங்குக்கு வந்த பெண்கள் சித்தி கையிலிருந்த போனைப் பார்த்து, 'பெத்தவ இல்லாமலா' என்று அவள் காதுபடச் சொன்னார்கள். பெற்றவன் அன்றைக்கு அச்சகத்தில் இருந்தார், இரவுதான் வந்தார். அதை ஒருவரும் சொல்லவில்லை. மகளும் அதைச் சொல்லவில்லை என்பதை அவளிடம் எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அப்பாகிட்ட நான் எதிர்பார்க்கல பெரியம்மா' என்றாள்.

அடுத்த கோடை விடுமுறைக்கு அவள் தீவுக்குப் போவதாக இருக்கிறது, முதல் தடவை. கடவுச்சீட்டு வந்துவிட்டது. போவதற்கு முன் நீச்சல் பழக வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். மதுரையில் எங்கே பெண்களுக்குத் தனி நேரம் இருக்கிறது, கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். சித்திக்குச் சேதி தெரிந்ததும் கேட்ட முதல் கேள்வி, தண்ணீரில் இறங்க அவள் என்ன உடுத்துவாள் என்பது.